'டேக்' மக்கர் பண்ணும்போது: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மாடி அறையில் மாலை நேரத்தில் பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கும் தம்பிகள், ஜவ்வரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவர், வெளிநாட்டு வேலைக்குத் தயாராகும் செவிலியர்கள், ஏற்காட்டுக்குச் சுற்றுலா வண்டி ஓட்டும் அண்ணன் ஒருவர் என்று பலரும் வருகிறார்கள். பெரிய பெரிய வார்த்தைகளால் இவர்களுக்குத் தொல்லை வந்து நான் பார்த்ததில்லை. அவற்றுக்கு ஒரே அர்த்தம்தான், மனப்பாடம் செய்தால் முடிந்தது. தொல்லை கொடுப்பதெல்லாம் இரண்டாம் வகுப்பிலேயே படித்த குட்டி வார்த்தைகள். அதிலும் 'டேக்'.

காரணம் ஒன்றே ஒன்றுதான். 'டேக் என்றால் எடு' என்று சின்ன வயதில் படிந்துபோனது பிறகு கழலுவதே இல்லை. நம்முடைய 'எடு'வே ஒரு வேலை மட்டும் பார்க்கிற சொல் கிடையாதே. பசி எடுக்கிறது, வாந்தி எடுக்கிறார், பாம்பு படம் எடுக்கிறது, பெண் எடுக்கிறோம், உயிரை எடுக்கிறான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் 'நாம் எடுப்பிச்ச' என்று சொன்னால் 'நாம் கட்டுவித்த' என்று பொருள். இத்தனையையும் யாரும் சொல்லித்தராமலே சரியாகப் பேசுகிறோம். 'எடு'வுக்கு முன்னால் பசி நிற்கிறதா, பாம்பு நிற்கிறதா என்று பார்த்து மனசு தானாக மாற்றிக்கொள்கிறது. 'டேக்' விஷயத்திலும் அதே வித்தைதான். ஒரு வேறுபாடு, அங்கே துணைச்சொல் பின்னால் வரும்.

ஆகவே எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் சோதனை இது: 'டேக்'கை விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் என்ன நிற்கிறது என்று பாருங்கள். மருந்தா, நேரமா, ஆளா, இல்லை 'ஆஃப்', 'ஆஃப்டர்' போன்ற ஒட்டா? அதைப் பார்த்த பிறகு, அந்த இடத்தில் தமிழில் இயல்பாக எந்த வினை வரும் என்று கேளுங்கள். பாதிப் பழுது அங்கேயே சரியாகிவிடும். மீதிக்குக் கீழே பாருங்கள்.

அறிகுறி: நீங்கள் ஒன்று வாங்கியதைச் சொன்னீர்கள், கேட்டவர் முகம் மாறிவிட்டது

தீபாவளிக்குத் துணி எடுத்தோம். கல்யாணத்துக்குப் பட்டு எடுத்தோம். சேலத்தில் யாரும் 'துணி வாங்கினோம்' என்று சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை, ஜவுளி என்றாலே எடுப்பதுதான். கடையில் விரித்துப்போட்ட குவியலிலிருந்து பார்த்துப் பொறுக்கி எடுக்கிற பழக்கத்தில் வந்த பேச்சு என்றே எனக்குத் தோன்றுகிறது. அதை அப்படியே 'வீ டுக் டூ சாரீஸ் ஃப்ரம் தி ஷாப்' என்று சொன்னால், ஆங்கிலக் காதில் விழுவது என்ன தெரியுமா? காசு கொடுக்காமல் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம் என்பது.

இது சாதாரணப் பிழை என்று விட்டுவிடக் கூடாது. வகுப்புக்கு வந்த ஒரு பெண், வெளிநாட்டுத் தோழியிடம் இப்படிச் சொல்லிவிட்டு, அவள் ஏன் சிரிக்காமல் பார்த்தாள் என்று ஒரு வாரம் குழம்பியிருந்தாள். நல்ல பெண், அவள் மேல் தப்பே இல்லை. தமிழில் சரியாக யோசித்திருக்கிறாள்.

சரிசெய்வது: காசு கைமாறியதா? அப்படியென்றால் 'பாட்' அல்லது 'காட்'. கடையில் நின்றுகொண்டு, இரண்டில் இந்தப் புடவைதான் வேண்டும் என்று முடிவு சொல்லும்போது மட்டும் 'ஐ வில் டேக் திஸ் ஒன்' என்பது மிகச் சரி. அங்கே 'டேக்' என்பது தேர்ந்தெடுத்தல். பில் போட்டு வெளியே வந்த பிறகு அது 'பாட்' ஆகிவிட வேண்டும்.

அறிகுறி: நேரத்தைச் சொல்ல வரும்போது வாக்கியம் தொடங்கவே மாட்டேன் என்கிறது

நான் மிக அதிகமாகப் பார்க்கும் பழுது இதுதான். சுற்றுலா வண்டி ஓட்டும் அண்ணனிடம் வெளியூர்ப் பயணி 'மேலே போக எவ்வளவு நேரமாகும்' என்று கேட்பார். அண்ணன் மனதில் 'ஒரு மணி நேரம் ஆகுமுங்க' என்று தெளிவாக ஓடும். வாயில் 'ஒன் அவர் வில் டேக்' என்று வரும். அல்லது 'டைம் டேக் ஒன் அவர்'.

கோளாறு எங்கே என்றால், தமிழில் 'ஒரு மணி நேரம் ஆகும்' என்ற வாக்கியத்தில் நேரமே எழுவாய் மாதிரி முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது. எது ஆகிறது, யாருக்கு ஆகிறது என்று நாம் சொல்வதில்லை, சொல்லத் தேவையும் இல்லை. ஆங்கிலத்தில் நேரம் தின்னப்படுகிற பொருள். தின்கிற ஒன்று முன்னால் இருந்தே ஆக வேண்டும். ஒன்றும் இல்லையென்றால் 'இட்' என்று ஒரு டம்மியையாவது கொண்டுவந்து உட்காரவைப்பார்கள்.

எனவே நேரத்தை எப்போதும் 'டேக்'குக்குப் பின்னால் தள்ளுங்கள். முன்னால் நான்கில் ஒன்றை வைக்கலாம். டம்மி: 'இட் டேக்ஸ் அன் அவர்'. வண்டி: 'தி பஸ் டேக்ஸ் அன் அவர்'. வேலை: 'தி க்ளைம்ப் டேக்ஸ் அன் அவர்'. ஆள்: 'ஐ டுக் அன் அவர்'. கடைசியில் உள்ளதில் கொஞ்சம் கவனம் தேவை. 'ஐ டுக் அன் அவர்' என்றால் நான் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன் என்று, என் வேகத்தைப் பற்றிய பேச்சாகிவிடுகிறது. 'இட் டுக் மீ அன் அவர்' என்றால் எனக்கு அவ்வளவு நேரம் ஆனது, அவ்வளவுதான். ஏற்காட்டுப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சனிக்கிழமை காலையில் முன்னால் நான்கு பேருந்து ஊர்ந்துகொண்டிருந்தால் தாமதம் ஓட்டுநர் தப்பில்லை. அவர் 'இட் டுக் அஸ் டூ அவர்ஸ்' என்றுதான் சொல்ல வேண்டும்.

இங்கேயே பக்கத்துச் சொல் ஒன்றையும் பிரித்துவிடலாம். 'ஆகும்' என்றால் 'டேக்', 'ஓடும்' அல்லது 'தாங்கும்' என்றால் 'லாஸ்ட்'. கொலுசுக்கு மெருகு போட எவ்வளவு நேரம் ஆகும் என்பது 'டேக்'. போட்ட மெருகு எத்தனை நாள் தாங்கும் என்பது 'லாஸ்ட்'. பட்டறைத் தம்பி ஒருவர் இந்த இரண்டையும் இப்படித் தொழிலில் வைத்துச் சொன்ன நாளிலிருந்து நானும் இதையே உதாரணமாகச் சொல்லிவருகிறேன்.

'ரிக்வயர்', 'நீட்' என்ற பொருளில் 'டேக்' நேரத்தை விட்டு மற்றதற்கும் போகும். 'இட் டேக்ஸ் பேஷன்ஸ்' என்றால் பொறுமை வேண்டும் என்று பொருள். அங்கே 'நீட்ஸ்' போட்டாலும் குறை ஒன்றுமில்லை.

அறிகுறி: 'டேக் அண்ட் கம்' என்று வாயில் வருகிறது

'எடுத்துக்கிட்டு வா' என்பதன் அச்சு அசல். தமிழில் இரண்டு வினை ஒட்டிச் சொல்வதை ஆங்கிலம் ஒரே வினையில் அடக்கிவிடும். பேசுகிறவர் பக்கம் வந்தால் 'பிரிங்'. அங்கிருந்து விலகிப் போனால் 'டேக்'. போய், எடுத்து, திரும்பிக் கொண்டுவருவது முழுவதற்கும் 'ஃபெட்ச்' என்று ஒரு சொல் இருக்கிறது. பாவம், அதை யாரும் கண்டுகொள்வதே இல்லை.

ஆளுக்கும் பொருளுக்கும் நாம் வேறு வேறு சொல் வைத்திருக்கிறோம். பொருளைக் கொண்டு போவோம், பாட்டியைக் கூட்டிக்கொண்டு போவோம். பாட்டியைக் 'கொண்டு போனேன்' என்றால் கேட்பவருக்குப் பகீர் என்னும். ஆங்கிலத்தில் அந்தப் பிரிவினை இல்லை. 'ஐ டுக் மை கிராண்ட்மதர் டு தி ஹாஸ்பிட்டல்' என்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை, தயங்காமல் சொல்லுங்கள். 'அகம்பெனி' என்ற சொல் துணைக்குப் போவது. மருத்துவமனைப் படிவத்தில் நோயாளியுடன் வந்தவரைக் குறிக்க அது சரியாக இருக்கும், வீட்டுப் பேச்சுக்கு விறைப்பாக இருக்கும்.

அறிகுறி: நேர்காணலில் 'ஐ டுக் கிளாஸ்' என்றீர்கள், உங்களை மாணவி என்று நினைத்துவிட்டார்கள்

நம் ஊரில் ஆசிரியர் கிளாஸ் எடுப்பார். பிரிட்டிஷ் வழக்கிலும் ஆசிரியர் 'டேக்' செய்வது உண்டு. அமெரிக்கரிடம் 'ஐ டுக் எ கிளாஸ்' என்றால் நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்து படித்தீர்கள் என்றுதான் அர்த்தம். சரிசெய்வது மிக எளிது: சொல்லிக்கொடுத்தால் 'டீச்', 'டாட்'. எந்த நாட்டுக்காரருக்கும் சந்தேகம் வராது.

தேர்வுக்கும் இதே கதை. நாம் பரீட்சை எழுதுகிறோம், அதனால் 'ஐ ரோட் தி எக்ஸாம்'. இந்தியாவில் மட்டுமின்றி கனடாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் இப்படிச் சொல்வார்கள். ஆனால் அமெரிக்கருக்கு அது நீங்கள் வினாத்தாள் தயாரித்ததாகப் படலாம். 'டுக் தி எக்ஸாம்' எங்கும் செல்லும், பிரிட்டனில் 'சாட்' என்றும் சொல்வார்கள். வடக்கே இந்திக்காரர்கள் தேர்வைக் 'கொடுப்பார்கள்', அதனால் 'கேவ் தி எக்ஸாம்' என்பார்கள். அவரவர் தாய்மொழி அவரவர் ஆங்கிலத்தில் எட்டிப்பார்க்கிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, எதிரே இருப்பவருக்குப் புரிய வேண்டும் என்பதுதான் கணக்கு.

அறிகுறி: மாத்திரை, காப்பி, சாப்பாடு மூன்றுக்கும் ஒரே சொல்

மருந்துக்கு 'டேக்' மட்டும்தான். 'ஈட் டேப்லெட்' கூடவே கூடாது. செவிலியர் பணிக்குப் போகிறவர்கள் இதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அளவுக்குப் பழக வேண்டும். 'டேக் ஒன் ஆஃப்டர் ஃபுட்' என்று நோயாளியிடம் சொல்வதில் தடுமாற்றம் வந்தால் அது வெறும் இலக்கணப் பிழையோடு நிற்காது.

சாப்பாட்டுக்கு 'ஹேவ்'. 'டேக் யுவர் ஃபுட்' என்று நாம் விருந்தினரை உபசரிப்பது அன்பில்தான். அவர் காதில் அது 'உங்கள் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போங்கள்' என்றும் கேட்கலாம். காப்பிக்கும் 'ஹேவ்' அல்லது 'டிரிங்க்'. ஆனால் காப்பிக்குள் போடும் பாலுக்கும் சர்க்கரைக்கும் 'டேக்' பிரமாதமாகப் பொருந்தும். 'டு யூ டேக் ஷுகர்?' ஏற்காட்டில் தங்கும் விடுதி நடத்துகிறவர்கள், தோட்டத்துக் காப்பியை விருந்தினர் கையில் கொடுக்கும் முன் கேட்க இதைவிட அழகான நான்கு சொல் உபசாரம் எனக்குத் தெரிந்து இல்லை. சர்க்கரை போட்டுக்கொள்வது உங்கள் வழக்கமா என்று கேட்பது அது.

அறிகுறி: பேருந்தில் 'டேக்கன்' என்றார்கள், யார் எதை எடுத்தார்கள் என்று தெரியவில்லை

பழைய பேருந்து நிலையத்தில் ஏற்காடு வண்டி வந்து நின்றதும் ஜன்னல் வழியாகத் துண்டு, பை, குழந்தையின் தொப்பி எல்லாம் உள்ளே விழும். அப்புறம் ஏறுகிறவர் கேட்பார்: "இங்க ஆள் வருதுங்களா?" அந்தக் கேள்விக்கு ஆங்கிலம் 'இஸ் திஸ் சீட் டேக்கன்?' துண்டு போட்டவர் சொல்லும் "ஆள் வருதுங்க" என்பதே 'இட் இஸ் டேக்கன்'. 'எடுக்கப்பட்டது' என்று மொழிபெயர்த்தால் இருக்கையைக் கழற்றிக்கொண்டு போனது போல் ஆகிவிடும்.

வடிவத்தையும் இங்கேயே சரிபாருங்கள். 'டேக், டுக், டேக்கன்'. 'ஹேவ்', 'ஹேஸ்', 'இஸ்', 'வாஸ்' முன்னால் வந்தால் மூன்றாவதுதான். 'ஐ ஹேவ் டுக்' என்பதை வாரம் ஒருமுறையாவது திருத்துகிறேன்.

அறிகுறி: விழா 'வாஸ் டேக்கன் ப்ளேஸ்' ஆகிவிட்டது

'நடத்தப்பட்டது' என்ற அறிக்கைத் தமிழ் தலைக்குள் இருப்பதால் வரும் கோளாறு. 'டேக் ப்ளேஸ்' என்றாலே நடப்பது, அதற்குச் செயப்பாட்டு வடிவம் கிடையாது. ஏற்காடு கோடை விழா மே மாதத்தில் 'டேக்ஸ் ப்ளேஸ்'. போன வருடத்தைச் சொன்னால் 'டுக் ப்ளேஸ்'. நடத்தியவர்களைச் சொல்ல ஆசையாக இருந்தால் வினையையே மாற்றி 'வாஸ் ஹெல்ட்' என்று போடுங்கள்.

அறிகுறி: பின்னால் ஒரு ஒட்டுச் சொல் வந்ததும் அர்த்தம் எங்கோ போய்விடுகிறது

இங்கே நிதானமாக நிற்க வேண்டும், ஏனென்றால் அகராதியில் 'டேக்'கையும் 'ஆஃப்'பையும் தனித்தனியாகத் தேடிப் பயனில்லை. இரண்டும் சேர்ந்து ஒரு புதுச் சொல். நம் 'கண்வை', 'கைவிடு' மாதிரி. கைவிட்டான் என்றால் கையைக் கீழே விட்டான் என்று யாராவது எடுத்துக்கொள்வோமா?

'டேக் ஆஃப்' என்பது செருப்பைக் கழற்றுவது. சேர்வராயன் கோயிலுக்கு வரும் வெளிநாட்டாரிடம் 'ப்ளீஸ் டேக் ஆஃப் யுவர் ஷூஸ்' என்று சொல்ல வேண்டியிருக்கும். அதே 'டேக் ஆஃப்' காமலாபுரம் விமான நிலையத்தில் விமானம் தரையை விட்டுக் கிளம்புவது. வியாபாரத்தில் சொன்னால் சூடு பிடிப்பது. விமானமும் வியாபாரமும் தானாகக் கிளம்புகிறவை, பின்னால் பொருள் எதுவும் வராது. செருப்பு கழற்றப்படுவது, பொருள் வந்தே தீரும். அதைப் பார்த்தால் குழப்பம் இல்லை.

'டேக் இன்' தையல்காரர்களுக்குரிய சொல். ரவிக்கை தொளதொளவென்று இருந்தால் 'பக்கத்தில் பிடிச்சுத் தைச்சுக் கொடுங்க' என்கிறோமே, அந்தப் பிடிப்பதுதான் 'டேக் இன்'. பிரித்து விடுவது 'லெட் அவுட்'. அனாதைக் குழந்தையை வீட்டில் சேர்த்துக்கொள்வதும் 'டேக் இன்', சொன்னதை மனதில் வாங்கிக்கொள்வதும் 'டேக் இன்', ஏமாற்றுவதும் அதே. ஏமாந்தவர் பெரும்பாலும் 'வாஸ் டேக்கன் இன்' என்று செயப்பாட்டில் வருவார். அது ஒரு நல்ல அடையாளம்.

'டேக் ஆஃப்டர்' என்பதைப் பின்னால் எடு, பிறகு எடு என்றெல்லாம் உடைத்துப் பார்த்தவர்கள் உண்டு. அதற்குத் தமிழ் 'அப்படியே அப்பாவை உரிச்சு வச்சிருக்கான்'. குடும்பத்தில் மூத்தவரைப் போல இளையவர் இருப்பது. தலைகீழாக, அப்பா மகனை 'டேக் ஆஃப்டர்' செய்ய முடியாது.

இதில் ஒரு இயந்திரச் சோதனை இருக்கிறது. 'இட்', 'ஹிம்' போன்ற சுட்டுச் சொல்லை வைத்துப் பாருங்கள். கழற்று என்ற பொருளில் அது நடுவில் நுழையும்: 'டேக் இட் ஆஃப்'. 'டேக் ஆஃப் இட்' என்பது தப்பு. 'டேக் ஆஃப்டர் ஹிம்' என்பதில் நடுவில் நுழையவே நுழையாது. புதிதாக ஒரு ஒட்டு வினையைக் கற்கும்போது அதை இப்படி 'இட்' போட்டு ஒரு முழு வாக்கியமாகவே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதிக்கொள்வதும் 'டேக் டவுன்'தான்.

அறிகுறி: அழகாக இருக்கட்டும் என்று இணைச்சொல் போட்டீர்கள், வாக்கியம் விகாரமாகிவிட்டது

கைபேசியில் 'டேக்' என்று தட்டினால் 'சீஸ்', 'கிராப்', 'அக்செப்ட்', 'ரிசீவ்', 'கேப்சர்' என்று ஒரு வரிசை வரும். அதில் ஒன்றைப் பிடுங்கி 'ப்ளீஸ் சீஸ் யுவர் சீட்' என்று எழுதினால், இருக்கையைப் பறிமுதல் செய்யுங்கள் என்று ஆகும். இணைச்சொல் பட்டியல் 'டேக்'கின் ஒவ்வொரு அர்த்தத்துக்கும் ஒவ்வொரு சொல் தருகிறது. எல்லாம் எல்லா இடத்துக்கும் பொருந்தாது.

கையைப் பாருங்கள். நீங்களாகக் கையை நீட்டினால் 'டேக்'. அவசரமாகப் பிடுங்கினால் 'கிராப்', அதிகாரத்தோடு கைப்பற்றினால் 'சீஸ்'. உங்களைத் தேடி வந்து சேர்ந்தால் 'ரிசீவ்'. வந்ததை மனமொப்பி ஏற்றுக்கொண்டால் 'அக்செப்ட்'. ஆலைக் கணக்கர் இதை ஒரே நாளில் பிடித்துக்கொண்டார். செக் தபாலில் வந்தது, 'ரிசீவ்ட்'. தொகை குறைவு என்று திருப்பி அனுப்பினோம், 'அக்செப்ட்' செய்யவில்லை. இந்த இரண்டு சொல்லையும் கடிதத்தில் மாற்றிப் போட்டால் பணத்தகராறே வரலாம்.

பழைய ஆங்கிலத்தில் எடுப்பதற்கு 'நிமன்' என்று வேறொரு சொல் இருந்தது. வைக்கிங் குடியேறிகளின் நார்ஸ் மொழியிலிருந்து 'டாகா' வந்து அதைத் தள்ளிவிட்டு 'டேக்' ஆனது. ஜெர்மனில் அந்தப் பழைய சொல்லின் உறவு 'நேமன்' என்று இன்றும் நடமாடுகிறது. ஆங்கிலத்தில் அது 'நம்ப்' என்ற சொல்லில் ஒளிந்திருக்கிறது. கால் மரத்துப்போனது, அதாவது உணர்வு எடுக்கப்பட்டுவிட்டது. இதைச் சொன்ன அன்று வகுப்பில் இருந்த செவிலியர் ஒருவர் அந்தச் சொல்லை இனி மறக்க மாட்டேன் என்றார். எனக்கும் இது மிகவும் பிடித்த சொற்கதை.

அறிகுறி: 'டேக் எ டிசிஷன்' தப்பு என்று யாரோ சொல்லிவிட்டார்கள்

இதில் பழுதே இல்லை. அமெரிக்கர்கள் 'மேக்' என்பார்கள், பிரிட்டனிலும் நம் நாட்டிலும் 'டேக்' என்றும் சொல்வார்கள். குளியலும் அப்படித்தான், அமெரிக்காவில் 'டேக் எ பாத்', பிரிட்டனில் 'ஹேவ் எ பாத்'. 'எ'யை மட்டும் விழுங்கிவிடாதீர்கள். மற்றபடி அப்படியே விட்டுவிடுங்கள், நன்றாக ஓடுகிற வண்டியைப் பிரித்துப் பார்க்க வேண்டாம்.